ஈரமான ஊரில் ஈரம் வாங்குதல்

கவிதையும் கதையும் பேசக் கூடும் இடத்தில் சளியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். வாசக நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். கடந்த மார்கழியில் மயிலாடுதுறையில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விவாதமே இதற்குக் காரணம்.

மூன்று வயதான இளைய மகனுக்கு மூக்கடைப்பு. பகலில் விளையாடிவிடுவான். இரவில் படுக்கவைத்த சிறிது நேரத்திற்கெல்லாம் மூச்சு விட முடியாமல் எழுந்து அழுவான். ஐந்து இரவுகள் நாங்கள் இருவரும் மாறிமாறித் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தோம். ஆறாம் நாள் காலையில் எல்லோரிடமும் ஒரு யோசனை இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு கட்டு நொச்சியிலையைக் கொண்டுவந்து கொடுத்து, வேது பிடித்தால் ஒரே நாளில் சரியாகிவிடும் என்றார். மருந்துக் கடைக்காரர் சில நூறு ரூபாய் விலையில் ஒரு பிளாஸ்டிக் வேப்பரைசரை எடுத்து மேசைமேல் வைத்தார். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் வசிக்கும் தம்பி தொலைபேசியில், "அண்ணா, மொதல்ல ஒரு ஹ்யூமிடிஃபையர் வாங்குங்க. இங்க அது இல்லாத வீடே கெடையாது" என்றான். எங்கள் மூத்த மகள், பதினைந்து வயதுப் பெண், நொச்சியிலைக் கட்டைப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவள் எழுந்து போனதற்குக் காரணம் உண்டு. 2014 டிசம்பரில் அவளுக்கு நான்கு வயது. இதே போலச் சளி. எங்கள் அம்மா, அதாவது அவளுடைய பாட்டி, எவர்சில்வர் பாத்திரத்தில் நொச்சியும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவைத்து, முக்காலிமேல் வைத்து, பேத்தியை மடியில் இருத்திப் போர்வையால் மூடினார். உள்ளே இருள், அனல், மூச்சு முட்டல். குழந்தை காலை உதைத்தது. அவ்வளவுதான். பாத்திரம் சாய்ந்து வலது தொடையெல்லாம் வெந்நீர். யாரோ பேனா மையைக் கொண்டுவந்து ஊற்றினார்கள்; யாரோ பற்பசையைத் தடவினார்கள். பன்னிரண்டு நாட்கள் மருத்துவமனையில் இருந்தோம். தழும்பு இன்றும் இருக்கிறது. அம்மா அதன்பின் ஆறு ஆண்டுகள் உயிரோடிருந்தார். அந்தப் பாத்திரத்தை அவர் மறுபடியும் அடுப்பில் ஏற்றவே இல்லை. "எங் கையாலயே புள்ளயச் சுட்டுட்டேனே" என்று கடைசி நாட்களில்கூடச் சொன்னார். அன்பில் அவருக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. வழக்கமாகச் செய்யும் ஒன்றைச் செய்தார். அதுவே எங்களை இன்றளவும் உறுத்துகிறது.

ஆகவே இம்முறை, வாங்குவதற்கு முன் சற்று விசாரித்துவிடுவது என்று தீர்மானித்தோம். விசாரித்ததில் தெளிந்தவற்றையும், அதன்மீது நாங்கள் கொண்ட கருத்தையும் இங்கே வைக்கிறோம்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தமிழாசிரியர்களின் பழக்கம் என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் கடையில் மூன்று வெவ்வேறு பொருள்களுக்கும் 'ஆவி மிஷின்' என்ற ஒரே பெயர் வழங்குகிறது. பெயர்க் குழப்பமே பாதித் தவறுக்கு வித்து. வேப்பரைசர் என்பது தண்ணீரைக் கொதிக்கவைத்துச் சூடான ஆவியை வெளிவிடுவது. ஹ்யூமிடிஃபையர் என்பது அறையின் காற்றில் ஈரத்தைக் கூட்டுவது, அதாவது ஈரப்பதமூட்டி. அதில் இன்று பெரிதும் விற்பவை குளிர்ந்த துளிப்புகையை எழுப்பும் வகைகள். மூன்றாவதான நெபுலைசர் இவ்விரண்டிலிருந்தும் வேறானது. அது மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை நுண்துளிகளாக்கி முகமூடி வழியே நுரையீரலுக்குச் செலுத்தும் கருவி. இழைப்பு உள்ள குழந்தைக்கு அது உயிர்காக்கும். சளி என்றவுடன் மருத்துவரைக் கேளாமல் அதில் வெறும் தண்ணீரை ஊற்றிக் குழந்தையின் முகத்தில் பொருத்துவது தகாத செயல். இவை மூன்றையும் 'ஆவி பிடித்தல்' என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடும்போது, ஒன்றின் நற்பெயர் மற்றொன்றுக்குச் சென்று சேர்ந்துவிடுகிறது.

இனி, ஹ்யூமிடிஃபையரைப் பார்ப்போம். தம்பி சொன்னது பொய்யன்று. அவன் ஊருக்கு அது மெய். மினசோட்டாவின் சனவரியில் வெளிக்காற்று உறைநிலைக்கும் 10 பாகை கீழே இருப்பது இயல்பு. அந்தக் குளிரில் ஒரு கனமீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி 2 கிராமுக்குச் சற்று மேல்தான். அதே காற்றை வீட்டுக்குள் கொண்டுவந்து 20 பாகைக்குச் சூடேற்றினால், அது 17 கிராம் வரை தாங்கும் ஆற்றல் பெறுகிறது. ஆனால் உள்ளே இருப்பதோ அதே 2 கிராம்தான். ஒப்பு ஈரப்பதம் 14 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிடும். உதடு வெடிக்கும், மூக்கு உலர்ந்து குருதி கசியும், தொண்டை வறளும். அங்கே ஈரப்பதமூட்டி ஓர் ஆடம்பரம் அன்று.

மயிலாடுதுறையின் மார்கழி அப்படிப்பட்டதா? மழை ஓய்ந்தும் ஓயாத மாதம். துவைத்த துணி இரண்டு நாளானாலும் உலர்வதில்லை. உப்பு சாடியில் கசிகிறது. புத்தக அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடை. 25 பாகை வெப்பத்தில் காற்று கனமீட்டருக்கு ஏறக்குறைய 23 கிராம் நீராவி தாங்கும். ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 18 கிராம் ஏற்கெனவே காற்றில் இருக்கிறது. தம்பி வீட்டுக் காற்றைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு ஈரம். இந்தக் காற்றுக்கு மேலும் ஈரம் ஊட்ட ஒரு கருவியைப் பணம் கொடுத்து வாங்குவது, காவிரியில் வெள்ளம் வரும் நாளில் குடத்துத் தண்ணீரைக் கொண்டுபோய் ஆற்றில் கொட்டுவதற்கு நிகர்.

அதனால் பயனில்லை என்பதோடு நின்றால் பரவாயில்லை. தீங்கும் உண்டு. வீட்டின் ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவுறுத்துகிறது. அதற்கு மேலே ஏற ஏறப் பூஞ்சையும், மெத்தை தலையணைகளில் வாழும் தூசுப்பூச்சியும் செழிக்கின்றன. ஒவ்வாமையும் இழைப்பும் உள்ள குழந்தைக்கு இவையே பகை. சளிக்கு மருந்தென்று வாங்கிய கருவி இழைப்பைத் தூண்டக்கூடும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. குளிர்சாதனம் இரவு முழுதும் ஓடும் அறையில் காற்று உலர்கிறது. ஏனெனில் அந்தக் கருவி காற்றிலுள்ள நீரைப் பிரித்து வெளியே சொட்டச் செய்கிறது. நம் நகரங்களில் குழந்தைகள் பலர் இன்று அப்படித்தான் உறங்குகிறார்கள். எனில், ஒரு கருவி உலர்த்துவதை இன்னொரு கருவியால் நனைப்பதைவிட, முதற்கருவியை நிறுத்திவிட்டு மின்விசிறியைச் சற்று எட்ட ஓடவிடுவது எளிதல்லவா? ஒரு நாள் இரவு நாங்கள் அதைத்தான் செய்தோம். மின்கட்டணமும் குறைந்தது.

அடுத்த கேள்வி இன்னும் அடிப்படையானது. ஆவியோ துளிப்புகையோ சளியைக் குணப்படுத்துகிறதா? சளி என்பது பெரும்பாலும் நுண்மங்களால், அவற்றுள்ளும் ரைனோ வைரஸ் எனப்படும் இனத்தால் வருவது. ஒரு வாரம் பத்து நாளில் தானாக நீங்குவது. சிறு குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டுமுறை வருவதும் இயல்பே. மூக்கு என்னும் உறுப்பு வியப்புக்குரியது. நாம் உள்ளிழுக்கும் காற்று எவ்வளவு உலர்ந்ததாயினும், நுரையீரலைச் சேர்வதற்குள் அதை உடல்வெப்பத்துக்குச் சூடேற்றி, முழுமையாக நீராவியேற்றி அனுப்பிவிடுகிறது. ஆகவே வெளியிலிருந்து வரும் ஈரம் நெஞ்சுச் சளியைக் கரைக்கும் என்ற நம்பிக்கைக்கு இடம் குறைவு. மூக்கின் முற்பகுதிக்குச் சிறிது இதம் தரலாம். அவ்வளவே.

சூடான ஈரக்காற்று சளிக்குப் பயன்படுகிறதா என்று நடந்த சோதனைகளையெல்லாம் தொகுத்து ஆராய்ந்தவர்களுள் நம் நாட்டவரே முன்னிற்கின்றனர். சண்டிகரின் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மீனு சிங் முதலியோர் காக்ரேன் தொகுப்பில் எழுதிப் பலமுறை புதுப்பித்த அறிக்கை அது. 2017இல் வந்த பதிப்பிலும், பயன் உண்டென்று காட்டப் போதிய சான்று இல்லை என்றே முடித்தார்கள். குரல்வளை வீங்கி நாய் குரைப்பதுபோல் இருமும் 'குரூப்' நோய்க்கு ஈரக்காற்று கைகண்ட மருந்தென்று தலைமுறைகளாக மேலை நாட்டவர் நம்பி வந்தனர். டொரொன்டோவின் குழந்தைகள் மருத்துவமனையில் 140 குழந்தைகளிடம் சோதித்து 2006இல் வெளியிட்டபோது, அதிலும் ஈரத்தால் வேறுபாடு இல்லை என்றே தெரிந்தது. பாட்டி வைத்தியத்தில் அவர்களும் நமக்கு இளைத்தவர்கள் அல்லர் என்பது ஒருவகையில் ஆறுதல்.

இனிச் சூடான ஆவிக்கு வருவோம். எங்கள் சினம் முழுவதும் இதன்மேல்தான் என்பதை மறைக்கவில்லை. பெரியவர் ஒருவர் மூக்கடைப்புக்கு ஆவி பிடித்தால் சிறிது நேரம் இதமாக இருக்கிறது, நாங்களும் பிடித்திருக்கிறோம். அவருக்குச் சூடு மிகுந்தால் முகத்தை விலக்கத் தெரியும். குழந்தைக்குத் தெரியாது. அது உதைக்கும், பாத்திரத்தைப் பற்றும், எழுந்து ஓட முயலும். 60 பாகைச் சூடுள்ள நீர் ஐந்து விநாடிக்குள் பெரியவர் தோலையே ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தையின் தோல் அதனினும் மெல்லியது. அடுப்பிலிருந்து இறக்கிச் சில நிமிடம் ஆன நீரும் அதைவிடக் கூடுதலான சூட்டில்தான் இருக்கிறது. இவ்வாறு நேரும் புண்களில் பெரும்பாலானவை ஆவியால் ஆனவை அல்ல. கவிழ்ந்த நீரால் ஆனவை. மடியிலும் தொடையிலும்தான் அவை நேர்கின்றன. 2020இல் கொரோனாத் தொற்று பரவியபோது, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனை மருத்துவர்கள் ஆவி பிடித்ததால் சுட்டுக்கொண்டு வந்த குழந்தைகள் முப்பது மடங்கு பெருகியதாக 'லான்செட்' இதழில் எழுதினார்கள். நம் ஊரிலும் 2021இல் பொது இடங்களில்கூட ஆவி பிடிக்கும் ஏற்பாடுகள் முளைத்ததையும், மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் அதைத் தவிர்க்கச் சொன்னதையும் வாசகர் மறந்திருக்கமாட்டார்கள்.

கடைக்காரர் காட்டிய வேப்பரைசர் பாத்திரத்தைவிடப் பாதுகாப்பானதுதானே என்று கேட்கலாம். ஓரளவு உண்மை. நீர் குறைவு, வாய் குறுகல். ஆயினும் உள்ளே கொதிநீர், வெளியே சுடும் ஆவி, அருகே கை நீட்டும் பிள்ளை என்ற அமைப்பு மாறவில்லை. மலிவான சில கருவிகளில் இரு உலோகத் தகடுகளுக்கு இடையே மின்சாரம் தண்ணீர் வழியாகவே பாய்கிறது. தண்ணீரே மின்சுற்றின் ஒரு பகுதி. சொருகியை எடுக்காமல் மூடியைத் திறந்து விரல் விட்டால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், ஈரப்பதமூட்டி தேவைப்படும் வீடுகளுக்குக் குளிர் துளிப்புகை வகையையே பரிந்துரைத்து, சூடான ஆவிக் கருவியை விலக்குவது இந்தச் சூட்டுப்புண் காரணமாகத்தான்.

இந்த இடத்தில் மரபை முன்வைத்து ஒரு மறுப்பு எழும். நாங்களும் தமிழ் பயிற்றுவிப்பவர்கள். அந்த மறுப்பை எளிதாகத் தள்ளிவிட மாட்டோம். சித்த மருத்துவம் வகுத்த புறமருந்துகள் 32. கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு என்று செல்லும் அவ்வரிசையில் வேதுவும் ஒன்று. நம் முன்னோர் அதை மருத்துவ முறையாக வகுத்துவைத்தார்கள் என்பதில் ஐயமில்லை. முறையாக வகுத்தது என்றால், இன்ன நோய்க்கு, இன்ன உடலுக்கு, இன்ன அளவில் என்று அறிந்தவர் பார்த்துச் செய்வது என்று பொருள். அந்த அறிவை உதிர்த்துவிட்டுப் பாத்திரத்தையும் போர்வையையும் மட்டும் வைத்துக்கொண்டு, மடியில் துடிக்கும் குழந்தையை மூடுவதற்கு மரபு என்று பெயர் சூட்டலாகாது. "எங்கள் காலத்தில் எல்லோரும் பிடித்தோம், யாருக்கு என்ன ஆயிற்று" என்பார்கள். ஆனவர்கள் அதைப்பற்றிப் பேசுவதில்லை. எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகள் அதைப்பற்றிப் பேச்சு எழுந்தாலே அம்மா எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவார்.

சளிபிடித்த குழந்தையைச் சுற்றி நாம் செய்யும் வேறு சிலவற்றையும் இங்கேயே சொல்லிவிடுவது நன்று. தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது பரவலான வழக்கம். கற்பூரம் தோல் வழியே உடலுக்குள் செல்லக்கூடியது. தப்பித் தவறி வாயில் போனால் சிறிதளவே குழந்தைக்கு வலிப்பைக் கொண்டுவரும். தலைக்குக் குளிப்பாட்டிய பச்சிளங்குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுகிறோம்; அடைபட்ட மூக்குக்குப் புகை எதற்கு? மூக்கில் எண்ணெய் விடுவது இன்னும் கேடு. உள்ளே இறங்கும் எண்ணெய் நுரையீரலில் தங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்குகிறது. ஆவிக் கருவியின் தண்ணீரில் தைலத்தையும் மாத்திரையையும் கரைப்பதும் குழந்தைகளுக்கு ஆகாத செயலே.

தண்ணீரில் ஒன்றைக் கலப்பது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குத் தென்கொரியா சான்று. அங்கே குளிர்காலத்தில் ஈரப்பதமூட்டி வீடுதோறும் ஓடும். அதன் தொட்டியில் கிருமி சேராதிருக்க, தண்ணீரோடு கலக்கும் கிருமிநாசினி ஒன்று 1994 முதல் கடைகளில் விற்றது. குழந்தை உள்ள வீடுகளில்தான் அதை அக்கறையோடு வாங்கினார்கள். 2011இல் சோல் நகர மருத்துவமனையொன்றில் காரணம் விளங்காத நுரையீரல் நோயோடு கருவுற்ற பெண்களும் இளந்தாய்மாரும் அடுத்தடுத்து வந்து சேர்ந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. தோலில் பட்டால் பெரிதும் தீங்கில்லாத ஒரு வேதிப்பொருள், நுண்துளியாகி நுரையீரலுக்குள் சென்றபோது நஞ்சாகியிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் அப்பொருள்களைத் திரும்பப் பெற அரசு ஆணையிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் என்று அரசே ஏற்றுக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கினர். இறந்தவர்களுள் குழந்தைகள் பலர். அந்தப் பெற்றோர்களும் தம் பிள்ளைக்கு நல்லதென்று நம்பியே மூடியைத் திறந்து ஊற்றினார்கள். இதைப் படித்த இரவில் எங்களுக்கு அம்மாவின் நினைவு வந்தது.

பெற்றோர் ஏன் கருவியைத் தேடுகிறார்கள் என்பதையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். மருந்தின்மேல் அச்சம் வந்துவிட்டது. அந்த அச்சம் ஆதாரமற்றது அன்று. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரலாகாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. 2025ஆம் ஆண்டின் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அம்மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு கலந்திருந்தது. அதைத் தயாரித்த ஆலை நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது என்பது நாம் தலைகுனிய வேண்டிய செய்தி. இதைக் கேட்ட தாய்தந்தையர் மருந்துப் புட்டியை வைத்துவிட்டு ஆவிக் கருவியை எடுப்பது இயற்கை. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதுதான் அவர்களால் இயலாதது. இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறி அழும் பிள்ளையை வைத்துக்கொண்டு 'தானாகச் சரியாகும்' என்ற சொல்லை யாராலும் தாங்கிக்கொள்ள முடியாது. கருவி சளிக்கு மருந்தாகாவிட்டாலும், எதையோ செய்தோம் என்ற நிறைவை நமக்குத் தருகிறது. அந்த நிறைவுக்கு விலை கொடுப்பது யார் என்பதுதான் கேள்வி.

அவ்வாறாயின் எதை வாங்குவது? தில்லியின் சூடேற்றிய அறையிலோ, கடல்கடந்த பனிநாட்டிலோ இருப்பவர்கள் ஈரப்பதமூட்டி வாங்கலாம். அதற்குமுன் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி அறையில் வையுங்கள். 30 விழுக்காட்டுக்குக் கீழே அது காட்டினால் கருவிக்குத் தேவை உண்டு. 50ஐத் தாண்டினால் இல்லை. குளிர் துளிப்புகை வகையையே தேர்க. அதிலும் மீயொலியால் நீரைத் தூளாக்கும் வகை, தண்ணீரிலுள்ள உப்புகளையும் சேர்த்தே காற்றில் தூவும்; மேசைமேல் வெண்பொடி படிவதைக் காணலாம். அதற்குக் காய்ச்சிவடித்த நீரே ஏற்றது. காய்ச்சி ஆறவைத்த நீர் கிருமியைக் கொல்லுமேயன்றி உப்பை நீக்காது. நனைந்த திரியின்மீது விசிறி ஊதும் வகையில் இத்தொல்லை குறைவு. ஆனால் திரியைக் காலத்தில் மாற்ற வேண்டும். தொட்டியில் மிஞ்சிய நீரை நாள்தோறும் கொட்டி, துடைத்து உலரவிட வேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை நன்கு கழுவ வேண்டும். இதைச் செய்ய நேரமில்லாத வீட்டில் அக்கருவி இல்லாதிருப்பதே நலம். யானை வடிவம், வண்ண விளக்கு, நறுமணத் தட்டு ஆகியவற்றுக்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

சோழநாட்டிலோ சென்னையிலோ கடற்கரை ஊர்களிலோ இருப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை, எந்தக் கருவியும் வேண்டாம் என்பதுதான்.

நாங்கள் செய்தது இது. குழந்தை மருத்துவர் சொன்னபடி, மருந்துக் கடையில் மிக மலிவாகக் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை வாங்கினோம். அது ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்ற விகிதத்தில் அமைந்த நீர். உணவுக்கு முன்பும் உறங்குமுன்பும் ஒவ்வொரு நாசியிலும் சில சொட்டு விட்டு, இளகி வந்ததை மெல்லிய துணியால் துடைத்தோம். இளஞ்சூடான கஞ்சியும் ரசமும் அடிக்கடி கொடுத்தோம். இரவில் இருமல் மிகுந்தபோது அரைத் தேக்கரண்டித் தேன். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிர் வித்து அவர்களுக்கு நஞ்சாகும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதுவே போதும். அடைத்த மூக்கோடு ஒரே மூச்சில் குடிக்க முடியாது என்பதால் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட, எண்ணக் கற்றுக்கொண்டோம். அமைதியாக இருக்கும் குழந்தையின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுவது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஓராண்டுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் சாதாரணச் சளி என்று இருந்துவிடலாகாது. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே உட்குழிதல், பால் குடிக்க மறுத்தல், குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தல், எழுப்பினாலும் எழாத சோர்வு, வலிப்பு இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். எந்த ஆவிக் கருவியும் அந்த நேரத்தை வீணாக்கவே உதவும். வெந்நீர் பட்டுவிட்டால் ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் செல்க. மையும் பற்பசையும் மாவும் வேண்டா. 2014இல் எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் யாரேனும் சொல்லியிருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் இரவு சிறுவன் விடியும்வரை உறங்கினான். சொட்டு மருந்தால் குணமாயிற்று என்று சொல்லமாட்டோம், நாளாயிற்று, நீங்கிற்று. நொச்சியிலைக் கட்டைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. கொடுத்தவர் அன்போடு கொடுத்தது. அதைக் கொல்லையில் காயவைத்து, மாலையில் கொசுவுக்குப் புகை போடப் பிள்ளைகள் இல்லாத பக்கம் வைத்துக்கொண்டோம். பக்கத்து வீட்டு அம்மாள் மறுநாள் வந்து, "பாத்தீங்களா, வேது புடிச்சதும் எப்புடித் தெளிஞ்சிட்டான்" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மறுத்துச் சொல்ல வாயெடுப்பதற்குள், உள்ளேயிருந்து மகள் வந்து, "வேது புடிக்கல பாட்டி. எனக்கு நடந்தத சொல்றேன், ஒக்காருங்க" என்று அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பதினோரு ஆண்டுகளில் அவள் அதைப்பற்றி வெளியார் ஒருவரிடம் பேசியது அதுவே முதல்முறை. அவள் சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மாள் ஒரு சொல்லும் பேசவில்லை. இரண்டு மாதம் கழித்து அவருடைய பேரனுக்குச் சளி பிடித்தபோது, சொட்டு மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்தார்.